சிவப்பு மையில் எழுதப்பட்ட ராஜாக்கள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. அதில் இரண்டு பத்தி. இடப்பக்கம் யூதாவின் ராஜாக்கள், வலப்பக்கம் இஸ்ரவேலின் ராஜாக்கள். நல்லவர்களுக்கு நீல மை, கெட்டவர்களுக்குச் சிவப்பு மை. இடப்பக்கத்தில் ஆசா, யோசபாத், எசேக்கியா, யோசியா என்று நடுநடுவே நீலம் தெரியும். வலப்பக்கத்தில் யெரொபெயாமில் தொடங்கி ஓசெயா வரை 19 பெயர்கள். அத்தனையும் சிவப்பு.

தேர்வுக்கு அது வசதியாக இருந்தது. வலப்பக்கத்தில் யாரைப் பற்றிக் கேட்டாலும் "கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான்" என்று எழுதினால் போதும். ஆனாலும் 200 வருடத்தில் ஒரு தேசத்துக்கு ஒரு நல்ல ராஜாகூடவா கிடைக்கவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன். "அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியது யார், எந்த ஊரிலிருந்து எழுதினார்கள் என்று கேட்க எனக்கு இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அந்த வலப்பக்கத்துக்காரர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒரே நாடாக இருந்தது சாலொமோனுக்குப் பிறகு தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல் என்று இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினைக் கதை சீகேமில் தொடங்குகிறது. இன்றைய நாப்லுஸ் நகரத்தை ஒட்டி, கெரிசீம், ஏபால் என்ற இரு மலைகளுக்கு நடுவில் இருந்த பழைய ஊர் அது. சாலொமோன் இறந்துபோகிறார். மகன் ரெகொபெயாம் முடிசூடிக்கொள்ள அங்கே போகிறான். காலம் ஏறக்குறைய கி.மு. 930. அரண்மனையும் ஆலயமும் எருசலேமில் இருக்கும்போது முடிசூட ஏன் சீகேம் வரை போக வேண்டும்? வாசிக்கிறபோது நாம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிற இடம் இது. பதில் அவன் தாத்தா கதையில் இருக்கிறது. தாவீது முதலில் எப்ரோனில் யூதாவுக்கு மட்டும் ஏழரை வருடம் ராஜாவாக இருந்தார். அதன்பிறகுதான் வடக்குக் கோத்திரங்களின் மூப்பர்கள் வந்து, அவரோடு உடன்படிக்கை செய்து, தங்களுக்கும் ராஜாவாக அபிஷேகம் பண்ணினார்கள். ஆக, வடக்குக்கும் தாவீதின் வீட்டுக்கும் இருந்தது பேசி முடித்த ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் மாறினால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். ரெகொபெயாம் சீகேமுக்குப் போனது அதற்குத்தான்.

அங்கே கூடியிருந்தவர்கள் கேட்டதும் பெரிய விஷயமில்லை. உங்கள் அப்பா வைத்த நுகம் பாரமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கி வையுங்கள், உங்களைச் சேவிக்கிறோம் என்றார்கள். அந்த நுகம் என்னவென்று, இந்தக் கதை வருகிற வேதாகமத்தின் ராஜாக்கள் புத்தகத்தில் முந்தைய பக்கங்களிலேயே விவரமாக இருக்கிறது. மரம் வெட்ட லீபனோனுக்கு 30,000 பேர். மாதத்துக்குப் 10,000 பேராக முறைவைத்து, ஒரு மாதம் லீபனோனில், இரண்டு மாதம் வீட்டில். அரண்மனைச் சாப்பாட்டுக்கு நாட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் வருடத்தில் ஒரு மாதம் போட வேண்டும். அந்தப் பகுதிகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எப்பிராயீம் மலை, மெகிதோ, கீலேயாத், நப்தலி, ஆசேர் என்று பெரும்பாலும் வடக்கும் யோர்தானுக்கு அக்கரையும்தான். இது போதாதென்று கலிலேயாவில் 20 ஊர்களைத் தீருவின் ராஜா ஈராமுக்கு எழுதிக் கொடுத்தார் சாலொமோன். கோயில் கட்டிய பெருமை தெற்குக்குப் போயிற்று. அதற்கான கூலியில்லா வேலை வடக்கின் தோளில் விழுந்தது.

ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். பெரியவர்கள், இன்றைக்கு இவர்களுக்கு இரங்கி நல்ல வார்த்தை சொல், என்றைக்கும் உன் பக்கம் இருப்பார்கள் என்றார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் வேறு யோசனை சொன்னார்கள். கடைசியில் அவன் சொன்னது நமக்கெல்லாம் தெரிந்த பதில்: அப்பா சவுக்கால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன். சுண்டுவிரல் அப்பாவின் இடுப்பைவிடப் பருமனாக இருக்கும் என்று அந்த வாலிபர்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவன் சபையில் சொன்னதாக எழுதப்படவில்லை. சொன்னது அதற்கே போதுமானதாக இருந்தது. தாவீதோடு எங்களுக்குப் பங்கேது, இஸ்ரவேலே உன் கூடாரங்களுக்குப் போய்விடு என்று கூட்டம் கலைந்துவிட்டது. அப்புறம் அவன் பேச அனுப்பியது யாரைத் தெரியுமா? கட்டாய வேலைக்கும் வரிக்கும் தலைவனாக இருந்த அதோராமை. கூட்டம் அவனைக் கல்லெறிந்து கொன்றது. ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினான்.

இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் வழக்கமாகப் பெரியவர்கள் பேச்சைக் கேட்காத இளைஞன் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. இது உழைத்துக் களைத்தவர்கள் முறையாகக் கேட்ட ஒரு கோரிக்கை மறுக்கப்பட்ட கதை. அவர்கள் பக்கம் நின்ற யெரொபெயாம் யார்? யோசேப்பு வம்சத்தாரின் வேலைகளை மேற்பார்க்கச் சாலொமோனே வைத்த ஆள். அந்தச் சுமையைத் தினமும் கிட்ட நின்று பார்த்தவன். சீலோவைச் சேர்ந்த அகியா தீர்க்கதரிசி தன் புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்துப் பத்தை அவன் கையில் கொடுத்ததாகவும் அதே புத்தகம் சொல்கிறது. அப்படித் தொடங்கியவனை ஓர் அதிகாரத்துக்குள் "இஸ்ரவேலைப் பாவஞ்செய்யப் பண்ணினவன்" ஆக்கிவிடுகிறார்கள். பெத்தேலிலும் தாணிலும் அவன் வைத்த பொன் கன்றுக்குட்டிகள்தான் காரணம். அந்தக் கன்றுகள் வேறு தெய்வங்களே இல்லை, அதே கடவுளுக்கு வைத்த பீடமாக இருக்கலாம் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. எருசலேமில் அவருக்குக் கேருபீன்கள் என்ற சிறகுள்ள உருவங்கள், பெத்தேலில் கன்று. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. சீனாய்ப் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76-ல் தோண்டியபோது ஜாடிகளில் எழுத்துகள் கிடைத்தன. அதில் ஒன்று "சமாரியாவின் யாவே" பெயரால் ஆசீர்வாதம் சொல்கிறது. சமாரியா வடக்கின் தலைநகரம், யாவே என்பது வேதாகமக் கடவுளின் எபிரெயப் பெயர். ஆக, சமாரியாவின் கடவுளும் அவர்தான்.

சார்ட்டில் இரண்டு பத்தியும் ஒரே அகலத்தில் இருந்தன. நிலத்தில் அப்படி இல்லை. யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு, கலிலேயா, மழை பெய்யும் மேற்குச் சரிவுகள், பெனிக்கேயாவுக்கும் தமஸ்குவுக்கும் போகிற வியாபாரப் பாதைகள் எல்லாம் வடக்கின் கையில். யூதாவுக்குக் கிடைத்தது வறண்ட மலையும் அதன் கிழக்கே பாலைவனமும். சமாரியாவுக்கும் எருசலேமுக்கும் நேர்க்கோட்டில் 55 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அன்றைய உலகம் பெயர் சொல்லி அறிந்திருந்தது வடக்கைத்தான்.

உம்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாக்களின் புத்தகம் அவனுக்கு ஒதுக்கியது ஆறு வசனம். சேமேர் என்பவனிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி, அதில் சமாரியாவைக் கட்டினான், பொல்லாப்பு செய்தான், செத்தான். அவ்வளவுதான். ஆனால் 1868-ல் இன்றைய யோர்தான் நாட்டின் திபான் ஊரில் வெளிப்பட்ட கறுங்கல்லில் மோவாப் ராஜா மேசா, "இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை அநேக நாள் ஒடுக்கினான்" என்று தன் மொழியில் புலம்பியிருக்கிறான். அந்தக் கல்லை உள்ளூர்க்காரர்கள் உடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே காகிதத்தில் ஒற்றி எடுத்திருந்த படியை வைத்துத்தான் துண்டுகளைச் சேர்க்க முடிந்தது. இப்போது பாரிசில் லூவ்ரில் இருக்கிறது. உம்ரி போய், அவன் வம்சமே அழிந்த பிறகும், அன்றைய பெரிய பேரரசான அசீரியாவின் ஆட்கள் அந்த நாட்டை "உம்ரியின் வீடு" என்றுதான் தங்கள் ஆவணங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவன் மகன் ஆகாப். நாபோத்தின் திராட்சத்தோட்டம், ராணி யேசபேல், எதிர்த்து நின்ற எலியா தீர்க்கதரிசி இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தத் தோட்டத்துக்காகக் கொல்லப்பட்ட நாபோத்துக்கு நடந்த அநியாயத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஒரு ராஜாவை அந்த அளவுக்கு முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட எழுத்து அந்தக் காலத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமே. ஆனால் அதே ஆகாபைப் பற்றி வேதாகமம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கி.மு. 853-ல் அசீரியாவின் மூன்றாம் சல்மனாசார் மேற்கே படையெடுத்து வந்தபோது, சிரியாவின் கர்கர் என்ற இடத்தில் சிற்றரசர்கள் கூட்டாக எதிர்த்து நின்றார்கள். சல்மனாசாரின் சொந்தக் கல்வெட்டே கணக்கு தருகிறது: தமஸ்குவின் ராஜாவுக்கு 1,200 ரதங்கள், "இஸ்ரவேலனாகிய ஆகாபுக்கு" 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும். எழுதியவர் எண்ணை ஊதியிருக்கலாம். ஊதினாலும் அந்தக் கூட்டணியில் அதிக ரதம் அவன் பெயரில்தான்.

அந்தக் கல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கே போக வாய்த்தபோது நான் நேராக அதைத் தேடிப் போனேன். ஆளுயரக் கல். ராஜாவின் உருவத்துக்கு மேலேயே குறுக்கும் நெடுக்குமாக ஆணியெழுத்து. ஒரு எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆகாபின் பெயர் அதில் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பிலேயே வெகுநேரம் நின்றேன். அதே சல்மனாசாரின் கறுப்புத் தூணும் அதே மியூசியத்தில்தான். 1846-ல் இன்றைய ஈராக்கின் நிம்ரூதில் எடுத்தது. அதில் ஒருவன் முகம் தரையில் பட விழுந்து கிடக்கிறான், பின்னால் கப்பப் பொருள்களோடு வரிசையாக ஆட்கள். மேலே "உம்ரியின் மகன் யெகூ" என்று எழுதியிருக்கிறது. கிடப்பது யெகூவா, அவன் அனுப்பிய தூதனா தெரியாது. உம்ரியின் வம்சத்தையே வெட்டிச் சாய்த்து ஆட்சிக்கு வந்தவன் யெகூ. அசீரியாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. எனக்கு அந்த உருவத்தை வேடிக்கை பார்க்க மனசு வரவில்லை. என் சார்ட்டில் இருந்த ஓர் ஆள் அப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

சரி, இதெல்லாம் எதிரிகள் எழுதியவை. வடக்கின் சொந்தக் கையெழுத்து எங்கே? இருக்கிறது, உடைந்த பானை ஓடுகளில். 1910-ல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது மையால் எழுதிய ஓடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கணக்குச் சீட்டுகள். இந்த வருடம், இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். இந்த வருடம், இந்த ஊரிலிருந்து, ஒரு ஜாடி சுத்த எண்ணெய். அவ்வளவுதான் விஷயம். பெயர்களில் சிலது யாவேயின் பெயரோடு முடிகிறது, சிலதில் கானானியர் தெய்வமான பாகாலின் பெயர் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கும்.

அந்த ஓடுகளில் ஊர்ப் பகுதிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தபோது இரண்டு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோவாள், ஒக்லாள். எண்ணாகமத்தில் மோசேயின் முன்னால் வந்து நின்று, எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து மகள்களில் இரண்டு பேர். அந்தப் பெயர்களில், வடக்கின் மனாசே கோத்திரத்து நிலத்தில் உண்மையாகவே பகுதிகள் இருந்தன. அங்கிருந்து திராட்சரசமும் எண்ணெயும் அரண்மனைக்குப் போயின, கணக்குப்பிள்ளை அதைக் குறித்துவைத்தான். பெண்கள் கேட்டு வாங்கிய நிலம் என்ற நினைவு அந்தப் பெயர்களில் தங்கிவிட்டது. சமாரியாவைப் பற்றி நான் படித்ததிலேயே எனக்கு நெருக்கமானது இந்த இரண்டு பெயர்தான்.

அரண்மனைக்குப் போன அந்த எண்ணெயும் ரசமும் யாருக்குப் பயன்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னவன் யூதாவின் தெக்கோவாவிலிருந்து எல்லை தாண்டிப் போன ஆமோஸ் தீர்க்கதரிசி. தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு கிண்ணம் கிண்ணமாக ரசம் குடிக்கிறவர்களே என்று பெத்தேலில் நின்று பேசினான். சமாரியாவைத் தோண்டியவர்களுக்கு நூற்றுக்கணக்கில் தந்தத் துண்டுகள் கிடைத்தன, சிங்கமும் தாமரையும் செதுக்கியவை. ஆமோஸ் மிகைப்படுத்தவில்லை. பெத்தேலின் ஆசாரியன் அவனிடம், யூதாவுக்கு ஓடிப்போ, அங்கே அப்பம் தின்று தீர்க்கதரிசனம் சொல் என்றான். பக்கத்து நாட்டுக்காரன் நம்மைக் கேள்வி கேட்டால் என்றைக்கும் வருகிற பதில் அது. ஆனால் சாலொமோனின் நுகத்தை உதறி எழுந்த நாடு, 150 வருடத்தில் தன் ஏழைகளின் தோளில் இன்னொரு நுகத்தை ஏற்றிவிட்டது என்பது மறுக்க முடியாதது. எனக்கு வடக்கின்மேல் இருக்கிற பரிவு அதை மறைக்கக் கூடாது.

இரண்டு நாடுகளும் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கவில்லை. உம்ரி வீட்டுப் பெண் அத்தாலியாள் யூதாவின் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு படைகளும் சேர்ந்து போருக்குப் போயின. வடக்கே தாணில் 1993-லும் 1994-லும் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டுகளில், உடைந்த எழுத்துகளை நிரப்பிப் படித்தால், இஸ்ரவேலின் ராஜாவையும் "தாவீதின் வீட்டு" ராஜாவையும் சேர்த்தே கொன்றதாக ஓர் அரசன் பெருமையடிக்கிறான். வேதாகமத்துக்கு வெளியே தாவீதின் பெயர் வருகிற மிகப் பழைய இடமாகப் பலரும் கருதுவது இதைத்தான். அப்புறம் சண்டையும் உண்டு. யூதாவின் அமத்சியா வலியப் போருக்கு அழைத்தபோது, லீபனோனின் முட்செடி கேதுரு மரத்திடம் பெண் கேட்ட கதையைச் சொல்லி அனுப்பினான் வடக்கின் யோவாஸ். கேட்காமல் வந்தவனைத் தோற்கடித்து, எருசலேம் மதிலில் 400 முழம் இடித்துப்போட்டான்.

முடிவு வந்தது இப்படி. கி.மு. 730களில் வடக்கின் பெக்காவும் தமஸ்குவின் ரேத்சீனும் சேர்ந்து யூதாவைத் தாக்கினார்கள். யூதாவின் ஆகாஸ் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியாவுக்கு அனுப்பி, வந்து காப்பாற்று என்றான். மூன்றாம் திகிலாத்பிலேசர் வந்தான். தமஸ்கு விழுந்தது, கலிலேயா பறிபோனது. மிச்சமிருந்த சமாரியா, கப்பத்தை நிறுத்தியதற்காக மூன்று வருடம் முற்றுகையில் கிடந்து, கி.மு. 722 வாக்கில் விழுந்தது. முற்றுகையைத் தொடங்கியது அசீரியாவின் ஐந்தாம் சல்மனாசார். அவனுக்கு அடுத்து வந்து, சமாரியாவைத் தானே பிடித்ததாகச் சொல்லும் சார்கோன், அங்கிருந்து 27,290 பேரைப் பிடித்துக்கொண்டு போனதாகக் கல்லில் எழுதிவைத்தான். உடன்பிறந்தானோடு வந்த சண்டைக்கு வெளியூர்ப் படையைக் கூப்பிட்டான் ஆகாஸ். அவன் மகன் எசேக்கியா காலத்தில், கி.மு. 701-ல், அதே அசீரியா யூதாவின் 46 மதில் சூழ்ந்த ஊர்களைப் பிடித்ததாகச் சனகெரிப் எழுதினான். எருசலேம் மட்டும் தப்பியது.

சமாரியா விழுந்த காலத்தை ஒட்டி எருசலேம் திடீரென்று பெருத்தது. சிறிய குன்றுக்குள் அடங்கியிருந்த ஊர் மேற்கு மலை மேல் பரவியது. 7 மீட்டர் அகலத்துக்கு ஒரு மதில் எழும்பியது. தொல்லியலாளர் நஹ்மான் அவிகாட் 1970களில் தோண்டி எடுத்த அந்த மதிலை இன்றும் பார்க்கலாம். வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளால்தான் இந்த வளர்ச்சி என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எல்லோரும் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன். எலியா, எலிசாவின் கதைகளும், வடக்கத்திக்காரனான ஓசியா தீர்க்கதரிசியின் பாட்டும் வேறெப்படி எருசலேமுக்கு வந்திருக்கும்? யாரோ தூக்கிச் சுமந்து வந்திருக்கிறார்கள். எப்பிராயீமே, உன்னை நான் எப்படிக் கைவிடுவேன் என்று வடக்கைப் பார்த்து ஓசியா பாடிய வரியை, வடக்கைச் சிவப்பு மையில் எழுதிய அதே ஊர்க்காரர்கள்தான் பத்திரமாக நகலெடுத்துக் காத்தார்கள். அந்தப் பெரிய நகரத்தின் ஏதோ ஒரு தெருவில், சமாரியாவிலிருந்து வந்தவனும் எருசலேமில் பிறந்தவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் சொல்ல ஒருவன் எழுதியதாக நான் நினைத்துக்கொள்வேன்.

வடக்கில் எல்லோரும் போய்விடவும் இல்லை. கெரிசீம் மலையை இன்றும் விடாமல் பிடித்திருக்கும் சமாரியர்கள், தாங்கள் எப்பிராயீம், மனாசேயின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது ஏறக்குறைய 800 பேர். ராஜாக்களின் புத்தகம், அசீரியா கொண்டுவந்து குடிவைத்த அந்நியர்கள் என்று அவர்களைத் தள்ளுகிறது. அவர்களுடைய வேதத்தில் அந்தப் புத்தகமே கிடையாது. ஐந்து ஆகமங்கள் மட்டும்தான்.

ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆன மாதம், அவளுக்காக நான்தான் தினமும் வேதம் வாசித்தேன். அவள் வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் முடிக்கிற வழக்கம் உள்ளவள். நாளாகமத்தில் நின்றிருந்தாள். ராஜாக்களின் புத்தகத்தைவிட யூதா பக்கம் சாய்ந்தது நாளாகமம். வடக்கின் ராஜாக்களை அது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அதில்தான், இரண்டாம் புத்தகம் 28-ம் அதிகாரத்தில், பெக்காவின் அதே போரைப் பற்றிய ஒரு பகுதி வருகிறது. வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத பகுதி. வடக்குப் படை யூதாவின் பெண்களையும் பிள்ளைகளையும் இரண்டு லட்சம் பேர் சிறைபிடித்துச் சமாரியாவுக்குக் கொண்டுபோகிறது. எண் நம்ப முடியாதது, அது இருக்கட்டும். ஓதேத் என்ற தீர்க்கதரிசி படைக்கு எதிரே வந்து நின்று, இவர்கள் உங்கள் சகோதரர், திருப்பி அனுப்புங்கள் என்கிறான். எப்பிராயீமின் தலைவர்கள் நாலு பேர் எழுந்து, இவர்களை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்று படைவீரர்களை மறிக்கிறார்கள். யோகனானின் மகன் அசரியா, மெஷிலேமோத்தின் மகன் பெரகியா, சல்லூமின் மகன் எகிஸ்கியா, அத்லாயின் மகன் அமாசா. படை கேட்டுக்கொள்கிறது. கொள்ளையில் வந்த துணிகளையே எடுத்து உடுப்பில்லாதவர்களுக்கு உடுத்தி, பாதரட்சை போட்டு, சாப்பாடு கொடுத்து, எண்ணெய் பூசி, நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் ஏற்றி, பேரீச்சமரங்களின் பட்டணமான எரிகோ வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர்கள் சமாரியாவுக்குத் திரும்பினார்கள்.

எண்ணெய், கழுதை, எரிகோ, சமாரியா. எழுநூறு வருடம் கழித்து, எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் ரசமும் வார்த்துத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன சமாரியனைப் பற்றி இயேசு சொன்னபோது, கேட்டவர்களில் யாருக்காவது இந்த அதிகாரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அந்த நாலு பேரும் ராஜாக்கள் இல்லை. எங்கள் சார்ட்டில் அவர்கள் பெயர் இருக்கவும் இல்லை. நான் அடுத்த அதிகாரத்துக்குப் பக்கம் திருப்பியபோது, கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்த ஆச்சி கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லு மக்கா. அந்தப் பாதரட்சை வசனத்த இன்னொரு தடவ வாசி."